டீசல் டிராக்டர் வழியில் நின்றுவிட்டால்

காலை பத்தரை மணி. வெட்டு முடிந்து, மங்குகளில் இருந்த பால் வாளிகளுக்கு மாறி, நிறுவையும் முடிந்து, டிராக்டரின் பின்னால் உள்ள தொட்டியில் ஊற்றியாகிவிட்டது. ரெங்கம் வட்டாரத்துத் தோட்டச் சாலைகள் மேடும் பள்ளமும் நிறைந்தவை. அப்படியோர் ஏற்றத்தின் பாதியில் டிராக்டர் இரண்டு முறை திணறி, இருமி, நின்றுவிடுகின்றது. ஓட்டுநர் சாவியைத் திருப்புகின்றார். இயந்திரம் சுழல்கின்றது, பற்றவில்லை. மீண்டும் திருப்புகின்றார், மீண்டும் திருப்புகின்றார். ஐந்தாம் முறை பேட்டரியும் முனகத் தொடங்கிவிடுகின்றது.

தொட்டியில் உள்ள பாலோ காத்திருக்காது. மரத்திலிருந்து இறங்கிய பால், அம்மோனியா போதிய அளவு சேர்க்கப்படாவிட்டால், வெயிலில் சில மணி நேரத்திலேயே உறையத் தொடங்கும். உறைந்துவிட்டால் அது பாலாகக் கொட்டகைக்குப் போகாது, கட்டிப்பாலாகவே போகும். அத்தனை நிரைகளின் காலை உழைப்பும் விலை குறைந்துவிடும். அதனால்தான் இத்தகைய வேளையில் எல்லாருக்கும் பதற்றம் உண்டாகின்றது. பதற்றத்தில் செய்யும் காரியங்களே டிராக்டரையும், சில வேளைகளில் ஆளையும் கெடுக்கின்றன. பழுது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அதனை எந்த வரிசையில் தேடுவது என்பதை இங்கே காண்போம். ஓட்டுநர்கள் மட்டுமன்றித் தொட்டியுடன் செல்லும் தொழிலாளர்களும் இதனை அறிந்திருத்தல் நலம். ஏற்றத்தில் நிற்கும் டிராக்டருக்கு அருகில் முதலில் நிற்பவர்கள் அவர்களே.

மூடியைத் திறப்பதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கைப்பிரேக்கை இழுத்துப் பூட்டுங்கள். டிராக்டரின் பெரிய சக்கரத்திற்கும் தொட்டி வண்டியின் சக்கரத்திற்கும் இறக்கத்தின் பக்கமாகக் கட்டையோ கல்லோ முட்டுக் கொடுங்கள். பால் நிறைந்த தொட்டி உள்ளே அலைமோதும். பாதித் தொட்டியானால் இன்னும் மோசம். பிரேக் ஒன்றையே நம்பி நிற்கும் வண்டிக்குக் கீழ்ப்பக்கத்தில் எவரும் நிற்கலாகாது. புகை பிடிப்பவர்கள் நூறடி தள்ளிப் போய்விடட்டும்.

இனி, டீசல் இயந்திரத்தின் தன்மையைச் சற்றே நினைவுகூர்வோம். பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி உண்டு. டீசலில் அஃது இல்லை. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இயந்திரத்தின் சூட்சுமமே இதுதான். காற்றை ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை இறுக்கினால் அது 500 டிகிரிக்கும் மேலாகச் சூடேறுகின்றது. அந்தச் சூட்டிலே டீசலைத் தூவலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கின்றது. ஆகவே ஓடிக்கொண்டிருந்த டீசல் இயந்திரம் வழியில் நின்றுவிட்டது என்றால், பத்தில் பெரும்பங்கு நேரங்களில் காரணம் டீசலின் வழியில்தான் இருக்கும். ஒன்று, டீசல் வரவில்லை. அல்லது டீசலோடு காற்றோ நீரோ கலந்து வருகின்றது. மின்கம்பிகளைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதிலே பொழுதைப் போக்குவது வீண்.

எப்படி நின்றது என்பதை ஓட்டுநர் நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும். அது பாதி வைத்தியம். இழுவை குறைந்து, சத்தம் ஏறி இறங்கி, திணறித் திணறி நின்றதா? அது டீசல் பஞ்சம். விளக்கை அணைத்தாற்போல ஒரே நொடியில் ஓய்ந்ததா? அப்படியானால், நிறுத்தும் குமிழைப் பாருங்கள். பழைய டிராக்டர்களில் அதனை வெளியே இழுத்தால் இயந்திரம் நிற்கும். அது அதிர்ச்சியில் வெளியே வந்து கிடந்தாலோ, அதன் கம்பி சிக்கிக்கொண்டாலோ இயந்திரம் பற்றாது. பிற்கால வண்டிகளில் இந்த வேலையை மின்சாரத்தால் இயங்கும் ஓர் அடைப்பான் செய்கின்றது. அதற்குச் செல்லும் ஒற்றைக் கம்பி கழன்றாலும் இயந்திரம் அப்படியே நின்றுவிடும். டீசல் வண்டியில் மின்கம்பியைப் பார்க்க வேண்டிய இடம் அது ஒன்றுதான். மாறாக, சூடு ஏறி, கரகரவென்று அரைத்து, இறுகி நின்றதென்றால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். அது தண்ணீரோ எண்ணெயோ இல்லாமல் வெந்துபோன இயந்திரம். ரேடியேட்டர் மூடியையும் அப்போது திறக்கலாகாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். பட்டறைக்கு ஆள் அனுப்புவதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்து, புகையைப் பாருங்கள். ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றொருவர் புகைக்குழாயைக் கவனிக்கட்டும். இயந்திரம் சுழன்றும் புகையே வரவில்லையா? டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளை அல்லது சாம்பல் நிறப் புகை வருகின்றதா? டீசல் போகின்றது, ஆனால் எரியவில்லை. சுழற்சி மெதுவாக இருக்கலாம், டீசலில் நீர் இருக்கலாம், அல்லது இயந்திரம் தேய்ந்து இறுக்கம் போதாமல் இருக்கலாம். ஸ்பேனரைத் தொடாமலேயே இவ்வளவும் தெரிந்துவிடுகின்றது. இதற்காகச் சாவியைப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து பிடிக்க வேண்டாம். ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடியும் திருப்பலாம். பேட்டரி போய்விட்டால், பழுதைக் கண்டுபிடித்தாலும் பயனில்லாமற் போய்விடும்.

புகை இல்லை என்று வைத்துக்கொள்வோம். டீசல் செல்லும் வழியில், தொட்டியிலிருந்து தொடங்கி, நாமும் நடப்போம்.

முதலில் தொட்டியில் டீசல் இருக்கின்றதா? சிரிக்க வேண்டாம். ஒருமுறை நாமே ஒரு காலைப் பொழுதின் பாதியை வடிகட்டியைக் கழற்றுவதில் கழித்துவிட்டு, கடைசியில் தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்து வெட்கப்பட்டிருக்கின்றோம். அளவு காட்டும் முள்ளை நம்பலாகாது; குச்சியே உண்மை சொல்லும். ஏற்றத்தில் வண்டி சாய்ந்து நிற்கும்போது, கொஞ்சமாக உள்ள டீசல் தொட்டியின் மறுபக்கம் ஒதுங்கிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

டீசல் இருக்கின்றது. மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டதா? மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத் துளை உண்டு. செம்மண் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதனை அடைத்துவிட்டால், டீசல் வெளியேற வெளியேறத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இத்தகைய டிராக்டர் அரை மணி நேரம் ஓடி நிற்கும், கால் மணி நேரம் கழித்துத் தானே பற்றும், மறுபடியும் நிற்கும். பேய் பிடித்த வண்டி என்று பெயர் வாங்கியவற்றுள் சிலவற்றுக்கு இந்தத் துளையே பேய். தொட்டியின் அடியில் கிடக்கும் இலைத் துணுக்கும் துணிப் பிசிறும் இதே வேலையைச் செய்யும். ஓடும்போது மிதந்து வந்து வாயை அடைக்கும். நின்றதும் கீழே படிந்துவிடும். நின்று ஓடி, ஓடி நிற்கும் டிராக்டரில் இவ்விரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

தொட்டிக்குக் கீழே குழாய்த் திருகு, அதன் கீழே பல வண்டிகளில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் தெளிவாக உருண்டு நிற்பது நீர். அதன் மேல் நிற்பது டீசல். கிண்ணத்தைக் கழற்றி ஊற்றித் துடைத்து மாட்டுங்கள். மாட்டும்போது அதன் வளையம் சரியாக அமர வேண்டும். இங்கிருந்து ஊட்டும் பம்ப் வரையிலான குழாயில் டீசல் தள்ளப்படுவதைவிட உறிஞ்சப்படுவதே மிகுதி. ஆகவே இங்கே ஒரு விரிசல் இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே நுழையும். கண்ணுக்குத் தெரியாத பழுது இது.

இங்கே பால்மரத் தொழிலாளர்களாகிய நமக்கு ஒரு வேடிக்கையான செய்தி. விரிசல் விட்ட டீசல் குழாயைப் பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றிக் கட்டும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. நாம் வெட்டும் பாலில் உண்டாகும் ரப்பர் எத்தனையோ நற்குணங்கள் உடையது. விமானச் சக்கரமே அதனால்தான் ஆகின்றது. ஆனால் டீசல் பட்டால் அது ஊறிப் பருத்து நெகிழ்ந்துவிடும். டீசல் குழாய்களுக்கு எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரே பயன்படுத்தப்படுகின்றது. டியூப் கட்டு அன்று மாலை வரை தாங்கலாம். அதற்கு மேல் அதுவே காற்று நுழையும் வாசல்.

அடுத்தது ஊட்டும் பம்ப். அதன் பக்கத்தில் விரலால் அசைக்கும் சிறு நெம்புகோல் இருக்கும். அதன் பின்னர் வடிகட்டி. அதன் பின்னர் உட்செலுத்தும் பம்ப். அங்கிருந்து மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியே ஒவ்வொரு நோசலுக்கும் டீசல் பேரழுத்தத்தில் பாய்கின்றது. வழியில் எங்கேனும் காற்று புகுந்துவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் செயலற்றுப் போகும். டீசலை அழுத்தினால் அது தள்ளும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். பம்ப் அழுத்த அழுத்தக் காற்றுக் குமிழ் பஞ்சுபோலச் சுருங்கி விரியுமேயன்றி நோசல் திறக்காது. தொட்டி ஒருமுறை வற்றிப்போனாலே போதும். பிறகு நிறைய ஊற்றினாலும் வண்டி பற்றாமல் இருப்பது இதனால்தான். இதனை நீக்குவதையே பட்டறைக்காரர்கள் ‘ஏர் எடுப்பது’ என்கின்றனர்.

ஏர் எடுக்கும் முறை இது. வடிகட்டியின் தலையில் உள்ள சிறு திருகை, அதனைச் சுற்றிலும் துடைத்துவிட்டு, இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். ஊட்டும் பம்பின் நெம்புகோலை அசைத்துக்கொண்டே இருங்கள். நுரையும் குமிழுமாகத் தொடங்கி, கண்ணாடி போலத் தெளிந்த டீசல் வந்ததும், அசைப்பதை நிறுத்தாமலேயே திருகை இறுக்குங்கள். நெம்புகோலை அசைத்தும் கனமே தெரியவில்லை என்றால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இயந்திரம் நின்ற இடத்தில் உள்ளேயிருக்கும் அச்சுப் புடைப்பு நெம்புகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். சாவியால் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அசைத்துப் பாருங்கள். அனுபவமுள்ளவர்களே சில நேரம் இங்கே ஏமாந்து, நல்ல பம்பைக் கழற்றிப் போட்டுவிடுகின்றனர்.

பின்னர், உட்செலுத்தும் பம்பின் மேல் உள்ள திருகுகளை அவ்வாறே ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்க வேண்டும். எவை காற்றுத் திருகுகள் என்பதை முன்னரே பட்டறையில் கேட்டு அறிந்து, அவற்றின் தலையில் வெள்ளைச் சாயம் தொட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வேறு திருகைக் கழற்றினால் பம்பின் அளவு கெட்டுவிடும். முடிவில், இரண்டு நோசல்களின் குழாய் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, நிறுத்தும் குமிழை உள்ளே தள்ளி, வேகக் கட்டுப்பாட்டை முழுதும் திறந்து, கியர் நடுநிலையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, இருக்கையில் அமர்ந்தவர் சாவியைத் திருப்பட்டும். நட்டுகளின் ஓரத்தில் டீசல் விட்டுவிட்டுத் துள்ளி வரும். அப்போது அவற்றை இறுக்கினால் இயந்திரம் பெரும்பாலும் பற்றிவிடும். சிறிது நேரம் திணறிப் பின் சீராகும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நோசலுக்குச் செல்லும் டீசலின் அழுத்தம் நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தத்திற்குச் சமம். இயந்திரம் ஓடும்போது அந்தக் குழாய்களில் கசிவு தேடி விரலை வைத்தால், தூவல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்புக் கடி போலவே தெரியும். வலியும் முதலில் குறைவு. ஆனால் உள்ளே சதை அழுகிக் கையையே இழக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் கட்டுப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டீசல் உள்ளே புகுந்தது என்று சொல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

ஏர் எடுத்த பின்னரும் வடிகட்டியில் டீசல் சொட்டுச் சொட்டாகவே வந்தால் வடிகட்டி அடைத்துக்கொண்டது என்று பொருள். அதனைக் கழுவி மாட்டுவது பயன் தராது, மாற்றவே வேண்டும். புதிய வடிகட்டி ஒன்றும் அதற்குரிய வளையங்களும் எப்போதும் டிராக்டரின் பெட்டியில் கிடக்கட்டும்.

வடிகட்டி ஏன் இவ்வளவு விரைவில் அடைக்கின்றது? தோட்டத்து ஸ்டோரில் டீசல் பீப்பாய் எவ்வாறு நிற்கின்றது என்று போய்ப் பாருங்கள். மழையில் நிமிர்த்தி நிறுத்திய பீப்பாயின் தலையில் நீர் தேங்கும். பகலில் வெயிலில் பீப்பாய் விரியும். மாலை மழையில் குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது, இறுக்கமாக மூடியிருப்பதாக நாம் எண்ணும் மூடியின் புரிகள் வழியே அந்த நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஜொகூரின் பிற்பகல் மழைக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. பீப்பாயைக் கூரையின் கீழ்ப் படுக்க வையுங்கள். இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் இடமும் வலமுமாக இருக்கட்டும். கொண்டுவந்த டீசலை ஒரு நாளாவது அசையாமல் வைத்திருந்து, அடிமண்டி விட்டு எடுங்கள். டிராக்டரின் தொட்டியையும் காலையில் நிரப்புவதைவிட வேலை முடிந்த மாலையிலேயே நிரப்புவது மேல். பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிர்ச்சியில் ஈரம் வியர்த்து நீராகிவிடும். அந்த நீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரும்பாசி போன்ற கசடாகி வடிகட்டியில் வந்து அப்புகின்றன.

நம் நாட்டு டீசலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு தொடங்கி, செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் எரிபொருள் டீசலில் கட்டங்கட்டமாகக் கலக்கப்பட்டு வருகின்றது. 2019ஆம் ஆண்டில் வாகன டீசலில் அதன் பங்கு 10 விழுக்காடாக உயர்ந்தது. நாட்டின் செம்பனைக்கு இது நல்லது, புகையும் குறைவு. ஆனால் இக்கலவை வெறும் டீசலைவிட எளிதாக ஈரத்தை ஏற்கும். பழைய தொட்டியின் சுவரில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த கசட்டையும் கரைத்துக்கொண்டு வரும். நீண்ட காலம் கிடந்த பழைய டிராக்டரை மீண்டும் ஓட்டும்போது முதல் சில வாரங்களில் வடிகட்டி அடிக்கடி அடைத்தால், இதுதான் காரணமாக இருக்கக்கூடும்.

நம் ஊர் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. தீபகற்பத்தின் மண் ஆய்வுகளில் ‘ரெங்கம்’ என்பது ஒரு மண் வகையின் பெயர். கருங்கல் சிதைந்து உண்டான, பருமணல் கலந்த களிமண் அது. பால்மரமும் செம்பனையும் அதில் நன்றாக வளர்கின்றன. ஆனால் அதிலுள்ள மணல் சாலைப் புழுதியாக எழுந்து இயந்திரத்துக்குள் போனால் அரத்தைப் போல அராவும். காற்று வடிகட்டி அடைத்தால் இயந்திரம் சட்டென நிற்பதில்லை; கரும்புகை கக்கி இழுவை குறையும். அடைத்ததைப் பொறுக்காமல் வடிகட்டியைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டுவோர் உண்டு. அவர்கள் வண்டிதான் சில மாதங்களில் இறுக்கம் போய், வெள்ளைப் புகையுடன் காலையில் பற்றாமல் நிற்கின்றது.

இனி, முன்னர்ச் சொல்லாமல் விட்ட காரணம். குளிர்ந்திருக்கும்போது உடனே பற்றும். சூடேறி நின்றால் ஒரு மணி நேரம் ஆறினாலொழியப் பற்றாது. தொட்டி மூடி, வடிகட்டி, காற்று எல்லாம் சரி. இத்தகைய வண்டியில் உட்செலுத்தும் பம்பின் உள்ளுறுப்புகள் தேய்ந்திருக்கக்கூடும். சூட்டில் டீசல் இளகி மெலிந்து, தேய்ந்த இடைவெளி வழியே நழுவிவிடுவதால் நோசலைத் திறக்கும் அழுத்தம் கிடைப்பதில்லை. பம்பின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்து ஓட்டுவதைச் சிலர் திறமையாக எண்ணுகின்றனர். சூடான பம்பில் குளிர்நீர் பட்டால் உள்ளே பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இது காட்டில் செய்யும் வேலையன்று; பம்ப் பட்டறைக்குப் போக வேண்டும்.

சாவியைத் திருப்பியும் ஸ்டார்ட்டரே சுழலவில்லை என்றால் அது வேறு கதை. பேட்டரி முனைகளில் பூத்த வெள்ளைப் பூவைச் சுரண்டி இறுக்குங்கள். பல டிராக்டர்களில் கியர் நடுநிலையில் இல்லாவிட்டாலோ, கிளட்சை மிதிக்காவிட்டாலோ ஸ்டார்ட்டர் சுழலாதபடி ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் வைக்கப்பட்டிருக்கும். இவற்றைப் பார்த்துவிட்டு, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏனெனில், இதற்கு அடுத்தபடியாக நடப்பதைத்தான் நாம் மிகவும் அஞ்சுகின்றோம். ஒருவர் பெரிய சக்கரத்தின் முன்னே தரையில் நின்றுகொண்டு, திருப்புளியால் ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் தொடுகின்றார். பொறி பறக்கின்றது, பாதுகாப்புச் சுவிட்சின் வேலை அங்கே முடிந்துவிட்டது. கியர் விழுந்திருந்தால் டிராக்டர் பற்றிய அக்கணமே நகரும். அவர் நிற்பதோ சக்கரத்தின் பாதையில். டன் கணக்கில் எடையுள்ள வண்டிக்கு முன்னால் விலக ஓர் அடி நேரம் கிடைக்காது. உலகெங்கும் டிராக்டர் விபத்துகளில் திரும்பத் திரும்ப எழுதப்படும் மரணங்களுள் இஃது ஒன்று. காற்றுக் குழாயில் பெட்ரோல் தோய்த்த துணியைக் காட்டுவதும், ஏற்றத்தில் மற்றொரு டிராக்டரால் கட்டியிழுத்துப் பற்ற வைப்பதும் இதற்கு அடுத்த நிலையில் வைக்கத்தக்கவை. முன்னதில் தீ, பின்னதில் இழுக்கும் டிராக்டர் மூக்கைத் தூக்கிப் பின்புறமாகக் கவிழும்.

பால் உறைகின்றது, எப்படியாவது ஓட்டு என்று மேலிருந்து அவசரப்படுத்தினால் என்ன செய்வது? 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, அதனை முதலாளி நீக்காதபோது, அவ்வேலையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளும் உரிமையை அது தொழிலாளிக்குத் தருகின்றது. மண்டோரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். அதே வேளையில், தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் அம்மோனியா வேண்டுமா என்று கொட்டகைக் கிராணியிடம் கேட்டு ஆளனுப்பிவிட்டால், பாலுக்கும் சிறிது அவகாசம் கிடைக்கும்.

பட்டறைக்கு ஆள் அனுப்பும்போது “வண்டி ஓடவில்லை” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எப்படி நின்றது, புகை வந்ததா, என்ன நிறம், சூடாக இருந்ததா, கிண்ணத்தில் நீர் இருந்ததா, ஏர் எடுத்தீர்களா, எடுத்தபோது குமிழ் நின்றதா என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். அதைப் படித்துவிட்டு வரும் மெக்கானிக் வடிகட்டியோடு வருவார். படிக்காமல் வருபவர் அதை எடுத்துவர மறுபடியும் ஒருமுறை பட்டறைக்குப் போய்வர வேண்டியிருக்கும்.